உலர்திராட்சையும் தீக்குச்சியும்: ‘இந்தக் கணம்’ பற்றிச் சில சந்தேகங்கள்

1

இந்தக் கட்டுரையை அவசர அவசரமாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதழாசிரியர் மூன்றுமுறை கேட்டுவிட்டார். காலையில் முதல் மணியே வகுப்பு. திருத்த வேண்டிய விடைத்தாள்கள் மேசையில் கிடக்கின்றன. நிதானத்தைப் பற்றி நிதானமாக எழுத வாய்க்காத ஒருவனின் குறிப்புகள் என்று வாசகர்கள் இதை எடுத்துக்கொள்ளலாம். கட்டுரையின் பிரச்சினையும் ஏறத்தாழ அதுதான்.

சென்ற ஆண்டு, நான் மணிக்கணக்குக் கூலிக்குத் தமிழ் நடத்தும் கல்லூரியில் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். தலைப்பு ‘இந்தக் கணத்தில் வாழ்தல்’. வந்திருந்த பயிற்சியாளர் ஆளுக்கொரு உலர்திராட்சையை உள்ளங்கையில் வைத்தார். வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்ப்பதுபோல் அதைப் பாருங்கள், அதன் சுருக்கங்களைப் பாருங்கள், முகருங்கள், நாக்கில் வையுங்கள், உடனே கடிக்காதீர்கள் என்றார். ஐந்து நிமிடம் ஒற்றைத் திராட்சை. பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. ஒரு திராட்சைக்குள் இத்தனை ருசி ஒளிந்திருப்பது எனக்கு அதுவரை தெரியாது. கண்ணைத் திறந்தபோது பக்கத்திலிருந்த நண்பர் காதருகே கேட்டார்: ‘சார், இன்னிக்கு நமக்கு மணிக்கணக்கு உண்டா?’ கிடையாது. வகுப்பு எடுத்தால்தான் காசு. அந்தக் கணம் எங்களுக்குச் சம்பளமில்லாத கணம்.

மதியம் ஒருவர் எழுந்து, மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை, இந்தக் கவலையை எப்படிக் கையாள்வது என்று கேட்டார். பயிற்சியாளர் சிரித்துக்கொண்டே சொன்னார்: ‘சம்பளம் என்பது எதிர்காலம். எதிர்காலம் இன்னும் வரவில்லை. நம்மிடம் இருப்பது இந்த மூச்சு மட்டும்தான்.’ எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன். ஏன் தட்டினேன் என்பதை யோசிக்கத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று இரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவள். எழுபதுகளில், எட்டு வயதிலிருந்து. விடிவதற்கு முன்பே ஊருக்கு ஊர் வண்டி வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும். பள்ளம் வெட்டிய மரச்சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாகச் செருகி, சட்டத்துக்கு மேல் சட்டமாக அடுக்க வேண்டும். கட்டைக்கு இவ்வளவு என்று கூலி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அம்மா சொன்னாள்:

‘ஏய்யா, ஒத்தத் திராச்சயவா அஞ்சு நிமிசம் பாத்துக்கிட்டு இருந்தீக? அப்படிப் பாத்தா கட்டை அடுக்க முடியுமா? கையப் பாத்தா கை நின்னுரும்யா. கை பாட்டுக்குக் கை போகும், நெனப்பு பாட்டுக்கு நெனப்பு போகும். அதுதான் அப்ப எங்களுக்கு இருந்த ஒரே லீவு.’

இந்த வாக்கியத்தை என்னால் தாண்ட முடியவில்லை. அலையும் மனமே துக்கத்துக்குக் காரணம், அதை இந்தக் கணத்துக்குத் திரும்ப அழைத்து வருவதே விடுதலை என்று காலையில் பாடம். மனம் அலைந்ததுதான் எனக்கு வாய்த்த விடுதலை என்று இரவில் அம்மா. இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. அது வர்க்கத்தின் கோடு.

2

முதலில் இந்தச் சொல்லாடலின் வரலாற்றைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும். இன்று கம்பெனிகளும் கல்லூரிகளும் விற்கும் ‘விழிப்புநிலை’க்கு நவீன காலத்தில் ஒரு மூலப்பிரதி உண்டு. வியட்நாம் பௌத்தத் துறவி திக் நியட் ஹானின் ‘விழிப்புநிலையின் அற்புதம்’. பாத்திரம் கழுவும்போது பாத்திரம் கழுவுவதற்காகவே கழுவ வேண்டும் என்று சொல்லும் அந்த நூல் உலகப் பிரசித்தம். அது யாருக்கு எழுதப்பட்டது என்பது அவ்வளவு பிரசித்தம் இல்லை. 1974இல், நாடுகடந்து பிரான்சில் இருந்தபோது, வியட்நாமில் சமூகசேவைக்கான இளைஞர் பள்ளியின் பொறுப்பிலிருந்த ஒரு தோழருக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் அது. குண்டுவீச்சில் சிதைந்த கிராமங்களைத் திரும்பக் கட்டிய இளைஞர்களின் அமைப்பு அந்தப் பள்ளி. போரில் எந்தத் தரப்பிலும் சேர மறுத்ததால் இரு தரப்பின் சந்தேகத்துக்கும் ஆளானவர்கள். கொல்லப்பட்டவர்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் சோர்ந்துவிடக் கூடாது, வெறுப்பில் கருகிவிடக் கூடாது என்பதற்காக மூச்சைக் கவனிக்கச் சொன்னார். அதாவது அந்தப் பிரதியின் முதல் வாசகர் ஒரு களப்பணியாளர். இன்று இந்த இதழைக் கையில் வைத்திருக்கும் உங்களைப் போன்றவர்.

அடுத்த இடப்பெயர்வு 1979இல் நடக்கிறது. மூலக்கூறு உயிரியல் படித்த ஜான் கபட்-ஜின், மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்குப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். உலர்திராட்சை நம்மிடம் வந்து சேர்ந்தது அந்தப் பயிற்சியிலிருந்துதான். மருத்துவம் கைவிட்ட வலியோடு வாழக் கற்றுக்கொடுப்பதைக் கேலி செய்ய எனக்கு உரிமையில்லை. கவனிக்க வேண்டியது வேறு. பௌத்தத்தின் அறம், சங்கம், கொல்லாமை எல்லாவற்றையும் மருத்துவமனை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு ‘கவனம்’ என்கிற நுட்பம் மட்டும் உள்ளே போகிறது. எதையும் தீர்ப்பிடாமல் கவனிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வலியைத் தீர்ப்பிடாமல் கவனிப்பது சரி. மேலாளரை? சம்பளம் தராத நிர்வாகத்தை?

மூன்றாவது இடப்பெயர்வு 2007. கூகுள் நிறுவனத்தில் சேட்-மெங் டான் என்கிற பொறியாளர் ஊழியர்களுக்காக இதே வகைப் பயிற்சியைத் தொடங்குகிறார். போர்க்களத்திலிருந்து மருத்துவமனைக்கு, மருத்துவமனையிலிருந்து அலுவலகத்துக்கு. முப்பத்து மூன்றே ஆண்டுகள். ரொனால்ட் பர்சர் 2019இல் இதை விமர்சித்து எழுதிய நூலுக்கு மெக்டொனால்ட்ஸை ஒட்டி ‘மெக்மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று பெயர் வைத்தார். நெருக்கடியின் காரணங்களைச் சமூகத்திலிருந்து பிடுங்கித் தனிமனித மண்டைக்குள் நட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். சரியான வாதம். ஆனால் அந்த விமர்சனத்தோடு நின்றுவிட்டால் நமக்கு ஒரு திருப்தி மட்டுமே மிஞ்சும். ‘எல்லாம் முதலாளித்துவச் சதி’ என்று சொல்லிவிட்டு, அடுத்த கூட்டத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கலாம். அம்மாவின் வாக்கியம் அங்கே நிற்க விடவில்லை.

3

உழைப்பில் கவனம் என்பது என்ன?

ஃபிரடெரிக் டெய்லர் தன் ‘அறிவியல்பூர்வ நிர்வாகம்’ பற்றிய நூலை வெளியிட்டது 1911இல். நிறுத்து கடிகாரத்தோடு தொழிலாளியின் பின்னால் நின்று, ஒவ்வோர் அசைவையும் நொடிக்கணக்கில் பிரித்து, வீணான அசைவுகளைக் களைவது அவருடைய முறை. ஒரு விதத்தில் பார்த்தால், தொழிலாளியின் ‘இந்தக் கணத்தை’ டெய்லர் அளவுக்கு உன்னிப்பாகக் கவனித்தவர் யாருமில்லை! கணத்தை முழுக்கக் கவனித்தவர் முதலாளியின் ஆள். அந்தக் கணத்தில் வாழ வேண்டியிருந்தது தொழிலாளி. இ.பி. தாம்சன் 1967இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, வேலையைக் கொண்டு நேரத்தை அளந்த மனிதர்கள் எப்படிக் கடிகாரத்தைக் கொண்டு வேலையை அளக்கும் மனிதர்களாகப் பழக்கப்படுத்தப்பட்டார்கள் என்று விரிவாகச் சொல்கிறது. நேரம் செலவழிக்கப்படும் பொருளாகிறது. ‘நேரம் போகுது’ என்று நாம் சொல்லும்போது அது யாருடைய பையிலிருந்து யாருடைய பைக்குப் போகிறது என்று கேட்பதில்லை.

சிமோன் வெயிலை இங்கே நினைக்க வேண்டும். கவனம் என்பதை ஏறத்தாழப் பிரார்த்தனையின் இடத்தில் வைத்து யோசித்த தத்துவவாதி. 1934 டிசம்பரில் ஆசிரியப் பணியிலிருந்து விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிஸ் ஆலைகளில் கூலியாக வேலைக்குப் போனார். ரெனோ கார் தொழிற்சாலை உட்பட 1935 ஆகஸ்ட் வரை. கவனத்தைக் கொண்டாடியவர் அங்கே கண்டது, கவனம் சாத்தியமில்லாத நிலையை. வேகமும் உத்தரவும் சேர்ந்து சிந்தனையைக் கொல்கின்றன. சிந்தித்தால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் கூலி குறையும். மனம் வேறெங்கும் போகவும் முடியாது, இருக்கிற இடத்தில் இருக்கவும் முடியாது. அந்த அனுபவம் தன்மேல் அடிமையின் முத்திரையைக் குத்திவிட்டதாகவே அவர் பிறகு உணர்ந்தார்.

வெயிலுக்கு நேர் எதிரே ழாக் ரான்சியேர் வருகிறார். 1981இல் வந்த ‘பாட்டாளிகளின் இரவு’ நூலில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தச்சுத் தொழிலாளி கப்ரியேல் கோனியின் எழுத்துகளை விரிவாக வாசிக்கிறார். கோனி காண்ட்ராக்ட் கூலிக்கு வீடுகளில் தரைப்பலகை பதிப்பவர். யாருடையதோ ஒரு மாளிகை. ஆனால் வேலை முடியும்வரை அந்த அறை தனக்கே சொந்தம்போல் அவருக்குத் தோன்றுகிறது. ஜன்னல் தோட்டத்தைப் பார்த்துத் திறந்திருந்தால் கை ஒரு கணம் நிற்கிறது, பார்வை வெளியே போகிறது. உழைக்கும் கையும் பார்க்கும் கண்ணும் பிரிகிற அந்த இடைவெளியில்தான் தொழிலாளி தனக்கு ஒதுக்கப்பட்ட தன்னிலையை விட்டு வெளியேறுகிறான் என்பது ரான்சியேரின் வாசிப்பு.

‘கை பாட்டுக்குக் கை போகும், நெனப்பு பாட்டுக்கு நெனப்பு போகும்’ என்று என் அம்மா சொன்னதும் அதே இடைவெளியைத்தான். அவள் கோனியைப் படித்தவளில்லை. ஆபீசில் ஜன்னல் இருந்ததா என்று கேட்டேன். ‘இருந்துச்சு, மருந்து நெடி போறதுக்கு. ரொம்ப ஒசரத்துல.’ பிறகு அவளே சொன்னாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா ஒருத்தி பார்த்துவிட்டு வந்த சினிமாவை வாரம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுவாளாம். கணக்கப்பிள்ளை வந்தால் கதை நிற்கும், போனதும் தொடரும். கை நிற்காது. முதலாளிக்கு விற்றது கையை. கதையை விற்கவில்லை.

அந்தப் பிள்ளைகளிடம் போய், இந்தக் குச்சியை முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பாருங்கள், மனதை அலைய விடாதீர்கள் என்று சொன்னால் அதன் அர்த்தம் என்ன? மிச்சமிருந்த ஒரே உடைமையையும் ஒப்படைத்துவிடு என்பதுதான். இந்தக் கணத்தில் முழுமையாக இரு என்கிற உபதேசம், அந்தக் கணம் யாருக்குச் சொந்தம் என்கிற கேள்வியை விழுங்கிவிடுகிறது.

பாத்திரம் கழுவுவதும் இப்படித்தான். திக் நியட் ஹான் புதிய துறவியாக மடத்தில் நூறு பேருக்குப் பாத்திரம் கழுவியவர். அவருக்கு அதைச் சொல்லத் தகுதி உண்டு. நம் எழுத்தாள நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை ஒருவேளைப் பாத்திரம் தேய்த்துவிட்டு அதன் தியானத்தன்மை பற்றிப் பேசினார். மற்ற இருபது வேளையும் அதே தொட்டியருகே நிற்பவரிடம் யாரும் அனுபவம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ‘தேய்க்கிறப்பவாச்சும் வேற எதையாவது நெனச்சுக்கிட்டு இருக்கேன், அதையும் கெடுக்காதீங்க’ என்று சொல்லியிருக்கலாம்.

4

நம் தமிழ்ச் சூழலில் இந்தச் சரக்குக்கு இன்னொரு உறை போடுகிறார்கள். ‘நம் முன்னோர் நிதானமாக வாழ்ந்தார்கள். அவசரம் மேற்கத்திய நோய்.’ தமிழ் முதுகலை படித்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று சேர்த்து வைக்கிறது. முல்லைக்குக் கார்காலம், மாலை. உரிப்பொருள் இருத்தல். காலத்தை நிலத்திலிருந்து பிரிக்காத இந்தச் சிந்தனை கடிகாரக் காலத்துக்கு மாற்று என்று நாங்கள் வகுப்பறையில் பெருமையாகச் சொல்வோம். சொல்லலாம்தான். ஆனால் இருப்பது யார்? தலைவி. ஆண் வினைமேல் போகிறான், தேரோட்டியிடம் விரைந்து ஓட்டச் சொல்லித் திரும்பி வருகிறான். பெண் மாலைப்பொழுதைக் கணம் கணமாக அனுபவித்துக்கொண்டு இருக்கிறாள். வேகம் ஒரு பாலுக்கும் நிதானம் இன்னொரு பாலுக்கும் பங்கிடப்பட்டிருக்கிறது. காத்திருப்பு அழகியலாகும்போது, காத்திருக்க வைக்கும் அதிகாரம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. இன்றைக்கும் ரேஷன் கடையில், அரசு ஆஸ்பத்திரியில், தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மெதுவாக வாழ்கிறவர்கள் யார் என்று பாருங்கள். ஏழைகளின் காலம் ஒரே சமயத்தில் வேகமானது, மெதுவானது. வேலையில் விரட்டுகிறார்கள், உரிமையில் காக்க வைக்கிறார்கள்.

கிராமத்து நிதானம் என்று உருகுகிறவர்கள் கீழத்தஞ்சைப் பண்ணையாளின் காலத்தையும் சொல்ல வேண்டும். அங்கே கடிகாரம் இல்லை, உண்மைதான். வேலை எப்போது முடியும் என்பதற்கு வரம்பும் இல்லை. சவுக்கடியும் சாணிப்பாலும் இருந்தன. அந்தக் காலத்தை உடைத்தது தியானம் அல்ல, செங்கொடிச் சங்கம். கடிகாரம் முதலாளியின் ஆயுதமாக வந்தது, ஆனால் அதைப் பிடுங்கித் திருப்பிப் பிடித்தவர்கள் தொழிலாளர்கள். எட்டு மணிநேரம் என்கிற கோரிக்கை அப்படிப் பிறந்ததுதான். 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடினார். நூறாண்டு கழித்து, 2023 ஏப்ரலில், 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. அந்த ஆண்டு மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். நிதானமாக வாழ்வது பற்றி அந்தப் பத்து நாளில் தமிழ்நாட்டில் நடந்த மிக ஆழமான விவாதம் இதுதான் என்பேன். எந்தத் தியானக் கூடத்திலும் அது நடக்கவில்லை.

5

‘சதி’ என்கிற பாலிச் சொல்லைத்தான் 1881இல் ரைஸ் டேவிட்ஸ் ஆங்கிலத்தில் இன்று புழங்கும் சொல்லாக மொழிபெயர்த்தார். அதன் சமஸ்கிருத வடிவம் ஸ்மிருதி. வேர்ப்பொருள் நினைவு. பௌத்த மரபில் அது வெறும் நிகழ்கணக் கவனம் அல்ல. எது நன்மை, எது தீமை, எந்த வழியில் போய்க்கொண்டிருக்கிறோம் என்பதை மறக்காமல் வைத்திருப்பதும் அதில் அடக்கம். விழிப்புநிலைச் சந்தை முதலில் கழற்றி எறிந்தது இந்த நினைவைத்தான்.

நம் மண்ணில் பௌத்தத்தைக் கையிலெடுத்தவர்கள் அதை அப்படிக் கழற்றவில்லை. அயோத்திதாசருக்குப் பௌத்தம் என்பது பறிக்கப்பட்ட வரலாற்றை நினைவுகூரும் வேலை. 1907இல் தொடங்கிய தன் பத்திரிகையில் வாராவாரம் அவர் செய்தது அதுதான். அம்பேத்கரின் மறைவுக்குப் பிறகு 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், நான்கு உண்மைகள் புத்தர் சொன்ன மூலபோதனைதானா என்று முகவுரையிலேயே சந்தேகம் எழுப்பப்படுகிறது. துக்கத்தைப் பிறப்பின் விதியாக ஏற்காமல், மனிதன் மனிதனுக்கு இழைக்கும் அநீதியாகவும் வாசிக்கும் வழி அங்கே திறக்கிறது. இந்த வரிசையில் வந்த நமக்குப் பௌத்தத்தை உலர்திராட்சையாகத் திருப்பித் தருகிறார்கள்.

வால்ட்டர் பெஞ்சமின் தன் கடைசி ஆண்டான 1940இல் எழுதிய வரலாறு பற்றிய குறிப்புகளில், 1830 ஜூலைப் புரட்சியின் முதல்நாள் மாலை பாரிஸில் ஒரே நேரத்தில் பல இடங்களில் கோபுரக் கடிகாரங்கள் சுடப்பட்ட சம்பவத்தைச் சொல்கிறார். அவரும் ‘இப்பொழுது’ பற்றித்தான் பேசுகிறார். ஆனால் அவருடைய இப்பொழுதில் ஒடுக்கப்பட்ட இறந்தகாலம் முழுவதும் அழுத்தமாக நிறைந்திருக்கிறது. நினைவைக் கழித்துவிட்ட நிகழ்கணம் ஒன்று, நினைவால் வெடிக்கக் காத்திருக்கும் நிகழ்கணம் இன்னொன்று. எனக்கு வேண்டியது எது என்பதில் குழப்பமில்லை.

6

இங்கேயே முடித்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். ஆனால் கடைசியாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அமைப்புசாராத் தொழிலாளர் பிரச்சினை குறித்து ஒரு கருத்தரங்கம் நடத்தினோம். பேச வந்திருந்த வயதான அம்மா ஒருவர், தன் விபத்தைப் பற்றிச் சொல்ல, அன்று காலை எழுந்ததிலிருந்து ஆரம்பித்தார். கோழியைத் திறந்துவிட்டது, பேத்திக்குத் தலை பின்னியது, வழியில் யாரோ மோர் கொடுத்தது. பத்து நிமிடம் ஆகியும் விபத்து வரவில்லை. பின்னால் மூன்று கட்டுரையாளர்கள் காத்திருந்தார்கள். ஒருவர் பெருங்கதையாடல்களின் வீழ்ச்சி பற்றி வாசிக்க இருந்தார். ‘சுருக்கமாக முடிக்கவும்’ என்று துண்டுச்சீட்டு போனது. அந்த அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அம்புட்டுதான் சாமி’ என்று உட்கார்ந்துவிட்டார். விபத்து எப்படி நடந்தது என்று எங்கள் அறிக்கையில் இருக்கிறது. அவர் வாயால் நாங்கள் கேட்கவில்லை. சீட்டு எழுதியது நான்.

டெய்லரின் நிறுத்து கடிகாரம் அன்று என் கையில் இருந்தது. வீணான அசைவுகளைக் களைந்தேன். கோழியும் பேத்தியும் மோரும் எனக்கு வீணாகத் தெரிந்தன. விபத்தில் அவர் இழந்தது அவற்றைத்தான் என்று பிறகுதான் உறைத்தது. பின்னிவிட்ட அந்தக் கை இப்போது இல்லை.

ஆக, இயக்கங்களுக்கு நிதானம் தேவையில்லை என்று சொல்ல எனக்கு வாயில்லை. அறிக்கை, கண்டனம், கையெழுத்து, அடுத்த பிரச்சினை என்று ஓடுகிற நம் ஓட்டத்தில் நாம் யாரையும் முழுதாகக் கேட்பதில்லை. வண்ணதாசனின் கதைகளில் சின்னச் சின்ன விஷயங்கள் மேல் படியும் அந்தக் கவனத்தை ‘நடுத்தர வர்க்கச் சொகுசு’ என்று மாணவப் பருவத்தில் மேடையிலேயே பேசியவன் நான். இன்று அப்படிப் பேச மாட்டேன். அந்தக் கவனம் எல்லோருக்கும் வாய்க்காதது ஏன் என்று கேட்பேன். 1974இல் அந்தத் துறவி தன் தோழருக்குக் கடிதம் எழுதியபோது, நிதானம் போராட்டத்துக்குள்தான் இருந்தது. நாம் அதைக் கைவிட்டோம். கம்பெனிக்காரன் எடுத்துக்கொண்டான்.

கட்டுரையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். பெயர்கள் வந்த இடத்தில் எல்லாம் தலையாட்டினாள். முடித்ததும், அந்த அக்கா சொன்ன சினிமாக் கதை எது என்று கேட்டேன், இதில் சேர்த்துக்கொள்ளலாமே என்று. அம்மா சொன்னாள்:

‘அது நெறையா இருக்குய்யா. நீ அவசரத்துல இருக்க. ஒரு நா சாவகாசமா வா, சொல்லுறேன்.’

இன்னும் போகவில்லை.